கமரா குழாயின் வழியைக் காட்டும் கருவிக்குக் காப்புரிமை: கொழும்பா, சென்னையா, அதற்கு அப்பாலா?

கமராக் குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியைச் செய்யும் டொக்டருக்கு முன்னால் உள்ள திரையில் குடலின் உட்சுவர் தெரியும். குழாய் வயிற்றுக்குள் எப்படி வளைந்து கிடக்கிறது என்பது தெரியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஹோஸைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்: கை தள்ளுகிறது, நடுவில் வளையம் விழுகிறது, நுனி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒன்றரை மீற்றர் அளவு நீளமான பெருங்குடலுக்குள் இது நடந்தால் நோயாளிக்கு வலி, அதற்கு மேலும் தள்ளினால் குடல் கிழியும் ஆபத்து. அந்த வளையத்தை நேரத்துக்குக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் நுழைவுக் கண்காணிப்பு.

அறிவியல் நகரில் பொறியியல் பீடம் வந்து, வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய பிறகு, இந்த மாதிரி வேலைகளைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் வன்னியிலேயே இருக்கிறார்கள். அவர்களில் அநேகமானோர் கேட்பது "எங்கே பதிந்தால் செலவு குறைவு?" என்று. நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. ஒரே கண்டுபிடிப்பை ஐந்து அலுவலகங்கள் ஐந்து விதமாகப் பார்க்கும், ஒரு இடத்தில் கதவைத் திறக்கும் வசனமே இன்னொரு இடத்தில் கதவைச் சாத்திவிடும். ஆகவே உங்கள் கருவியில் எது புதிது, அதை எந்தச் சொல்லில் எழுதப்போகிறீர்கள் என்பது முதலில்.

தொழில்நுட்பத்தில் மூன்று வழி இருக்கிறது. மூத்தது காந்தச் சுருள் வழி: குழாய்க்குள் சிறு சுருள்களை வரிசையாக வைத்து, அவை எழுப்பும் மெல்லிய காந்தப்புலத்தை வெளியே உள்ள வாங்கியால் பிடித்து, குழாயின் முழு வடிவத்தையும் திரையில் வரைவது. பிரித்தானிய ஆய்வாளர்கள் 1993இலேயே லான்செட் இதழில் இதை வெளியிட்டுவிட்டார்கள், ஒலிம்பஸ் இதை ஸ்கோப்கைட் என்ற பெயரில் விற்கிறது. இரண்டாவது, குழாய் உடலுக்குள் போகும் வாசலில் உருளையோ ஒளி உணரியோ வைத்து எத்தனை சென்ரிமீற்றர் உள்ளே போயிற்று என்று அளப்பது. மூன்றாவது, தனியாக உணரி எதுவும் வைக்காமல், நுனிக் கமராவின் படம் மாறும் விதத்தை வைத்து நுனி முன்னே போகிறதா, நிற்கிறதா, பின்னே வழுக்குகிறதா என்று மென்பொருளால் கணிப்பது.

முதல் இரண்டிலும் ஜப்பானிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக விண்ணப்பங்களைக் குவித்து வைத்திருக்கின்றன. அந்த வழிகளில் போனால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கேட்கப்போவது "இதில் புதிது என்ன?" என்பது. மூன்றாவதில் வரும் கேள்வி வேறு: "இது வெறும் கணக்கீடுதானே, கண்டுபிடிப்பா?" கையில் பணம் குறைந்த சிறு குழுவுக்கு நான் சொல்வது, தனிச் சுருள் வழியை விட்டுவிடுங்கள். வாசல் அளவையும் நுனிப் படத்தையும் இணைக்கும் இடத்தில் இன்னும் வேலை செய்ய இடம் இருக்கிறது, செலவும் தாங்கும். கிளிநொச்சியில் ஒரு மாணவர் குழு செய்ததைப் பார்த்தேன்: வளைத்த வயரிங் குழாய்க்குள் ஒரு மலிவு யுஎஸ்பி கமரா, குழாயின் வாசலில் பழைய கொம்பியூட்டர் மவுஸின் ஒளி உணரி. குழாயைத் தள்ளத் தள்ள ஒரு எண் ஏறுகிறது, நுனி தடைப்பட்டதும் மற்ற எண் அசையாமல் நிற்கிறது, இரண்டுக்கும் இடைவெளி கூடியதும் சிவப்பு விளக்கு. வளையத்தைக் கண்ணால் பார்க்காமலே வளையம் விழுந்ததைச் சொல்கிறது.

இப்போது இதை உரிமைக்கோரலாக, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வசனமாக, எழுத வேண்டும். அவர்கள் எழுதியிருந்த முதல் வரைவு ஏறக்குறைய இப்படி: "கொலனோஸ்கோப்பை மலவாய் வழியாக நுழைத்து, நுழைந்த நீளத்தையும் நுனியின் நகர்வையும் ஒப்பிட்டு, வளையம் விழுந்ததை அறிந்து, குழாயை வலஞ்சுழியாகத் திருப்பிப் பின்னிழுத்து நேராக்கும் முறை." டொக்டர் செய்வதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். மருத்துவமாகச் சரி. இந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போவோம்.

கொழும்பில் விழுந்துவிடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 62ஆம் பிரிவில், மனித உடலுக்குச் சத்திரசிகிச்சையாலோ மருத்துவத்தாலோ செய்யும் சிகிச்சை முறைகளையும், உடலில் செய்யும் நோயறி முறைகளையும் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. ஆனால் அந்த முறைகளில் பயன்படும் பொருட்களுக்கு அந்தத் தடை இல்லை. அதாவது முறை போகும், கருவி நிற்கும்.

இந்தியாவிலும் விழும், காரணம் இரண்டாகும். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 3(ஐ) பிரிவு சிகிச்சை, சத்திரசிகிச்சை, நோயறிதல் செயல்முறைகளை அடைக்கிறது. அதிலிருந்து தப்ப மென்பொருளாக எழுதினால் 3(கே) காத்திருக்கிறது, அது கணிதமுறைகளையும் கணினி நிரலையும் அல்காரிதத்தையும் அடைப்பது. 3(கே)யில் கொஞ்சம் மூச்சு விடலாம்: 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரிட் அலானி வழக்கில், நிரல் தொழில்நுட்ப விளைவைத் தருகிறதா என்று பார்க்கச் சொன்னது. நுழைவுக் கண்காணிப்பில் அந்த விளைவைக் காட்டுவது சிரமமில்லை, ஓர் உணரியின் அளவை இன்னொரு உணரியின் அளவால் சரிபார்த்து எச்சரிக்கை தருவது வெறும் கணக்கு அல்ல என்று வாதாடலாம்.

ஐரோப்பாதான் இந்த விஷயத்தில் மிக நுணுக்கமாகப் பார்க்கும் இடம். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53(சி) உறுப்புரை இதே விலக்கைச் சொல்கிறது, ஆனால் எல்லை எங்கே என்பதை ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேன்முறையீட்டுச் சபை ஜி 1/07 என்ற 2010 தீர்ப்பில் விளக்கியிருக்கிறது: உடலுக்குள் கணிசமாகத் தலையிடும், மருத்துவத் தேர்ச்சி வேண்டியிருக்கும், கவனமாகச் செய்தாலும் உடல்நலத்துக்குக் கணிசமான ஆபத்து உள்ள ஒரு படி முறைக்குள் வந்துவிட்டால் அது சத்திரசிகிச்சை முறையே. குழாய் நுழைப்பில் குடல் கிழியும் ஆபத்து உண்டு என்று உங்கள் விவரணத்திலேயே, அதாவது விண்ணப்பத்தில் கருவியை விளக்கும் பகுதியிலேயே, எழுதியிருப்பீர்கள், அதைக் காட்டித்தானே கருவி தேவை என்கிறீர்கள். அந்த வசனமும் உரிமைக்கோரலில் உள்ள "நுழைத்து" என்ற படியும் சேர்ந்தால் போதும், பரிசோதகருக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. அதே தீர்ப்பு, உடலில் ஏற்படும் விளைவோடு தொடர்பில்லாமல் கருவியின் இயக்கத்தைப் பற்றி மட்டும் பேசும் முறையை விலக்குவதில்லை என்றும் சொல்கிறது. அந்த வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் கிட்டத்தட்ட அதே பாதையில், இன்னும் தெளிவாகப் போகிறது. மனிதருக்குச் சிகிச்சை செய்யும் முறை, நோயறியும் முறை ஆகியவை அங்கே தொழிலில் பயன்படக்கூடிய கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்கப்படும், ஆனால் மருத்துவக் கருவி தனக்குள் எப்படி இயங்குகிறது என்ற முறையை ஏற்றுக்கொள்வார்கள், டொக்டர் கையால் செய்யும் படியோ உடலைப் பாதிக்கும் படியோ அதற்குள் இருக்கக் கூடாது. கஷ்டம் அங்கே வேறு: ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம், பென்டாக்ஸ் மூன்றும் பிறந்த ஊர் அது, பரிசோதகரின் மேசையில் பழைய ஆவணங்களுக்குக் குறைவே இருக்காது.

அமெரிக்கா எதிர்த்திசை. மருத்துவ முறைக்கும் காப்புரிமை தருவார்கள், வைத்தியர் தன் தொழிலில் அதைச் செய்ததற்காக அவரிடம் நட்டஈடு கேட்க முடியாது என்பதே பெரும்பாலும் வித்தியாசம். ஆகவே மாணவர்களின் முதல் வரைவு அங்கே அந்தக் காரணத்துக்காக விழாது. விழுந்தால், எது காப்புரிமைக்குத் தகுந்தது என்று சொல்லும் 101ஆம் பிரிவில் விழும். உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு, தகவலைச் சேர்த்து அலசித் திரையில் காட்டுவது வெறும் கருத்து என்று 2016இல் எலெக்ட்ரிக் பவர் குரூப் வழக்கில் சொல்லிவிட்டார்கள். "நீளத்தை அளந்து, படத்தை அலசி, எச்சரிக்கை காட்டுவது" என்று மொட்டையாக எழுதினால் அந்த வலைக்குள் நேரே போய் விழும். இதற்கு நல்ல மருந்து 2017இன் தாலஸ் விஷனிக்ஸ் தீர்ப்பு. அசையும் வாகனத்தில் ஓர் உணரி, அதற்குள் இருப்பவரின் தலைக்கவசத்தில் இன்னோர் உணரி, இரண்டையும் ஒன்றுக்கொன்று சார்பாகக் கணக்கிடும் புதிய அமைப்பு; கணக்கு இருந்தாலும் உணரிகளை வைத்த விதமே கண்டுபிடிப்பு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. வாசலில் ஓர் உணரி, நுனியில் கமரா என்ற நம் பிள்ளைகளின் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது.

சரி, எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி திருப்பி எழுதினால்: "எண்டோஸ்கோப்பின் நுழைகுழாய் தன்னைக் கடந்து செல்லும் நீளத்தை அளக்கும், வெளியே பொருத்திய முதல் உணரி, நுனிக் கமராவின் அடுத்தடுத்த படங்களிலிருந்து நுனியின் நகர்வைக் கணிக்கும் செயலி, குடற்சுவரின் சொந்த அசைவால் வரும் படமாற்றத்தைக் கழித்த பின் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வரம்பைத் தாண்டும்போது சமிக்ஞை தரும் வெளியீடு ஆகியவற்றைக் கொண்ட கருவி." டொக்டரின் கை இதில் இல்லை, நோயாளியும் இல்லை.

நடுவில் உள்ள "குடற்சுவரின் சொந்த அசைவைக் கழித்த பின்" என்ற துண்டைக் கவனியுங்கள், முழு விண்ணப்பத்தின் உயிரும் அங்கேதான். அது இல்லாவிட்டால் எந்த நாட்டுப் பரிசோதகரும் நீளத்தை அளக்கும் ஓர் ஆவணத்தையும், நுனி நகர்வைக் கணிக்கும் இன்னோர் ஆவணத்தையும் எடுத்து, "இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்த எவருக்கும் தோன்றும்" என்று எழுதிவிடுவார். குடல் தானாகச் சுருங்கி விரிவது, மூச்சோடு வயிறு ஏறி இறங்குவது, இதெல்லாம் கமராவுக்கு நுனி நகர்வதைப் போலத் தெரியும். அதை எப்படிப் பிரித்தெடுக்கிறீர்கள் என்பதுதான் மற்றவர் எளிதில் எட்டாத படி. அதை முதல் நாள் விவரணத்திலேயே, எண்களோடும் மாற்று வழிகளோடும் எழுதியிருக்க வேண்டும். பிறகு சேர்க்க எங்கும் விடமாட்டார்கள், ஐரோப்பாவில் இந்த விதி கல்லில் எழுதியது போல. தொடக்க ஆவணத்தில் நேரடியாக இல்லாத ஒரு சொல்லைத் திருத்தத்தில் நுழைத்தால் முழுக் காப்புரிமையும் பிறகு அதனாலேயே போகலாம்.

அடுத்தது கண்காட்சி. சஹசக் நிமவும் போன்ற கண்டுபிடிப்புக் கண்காட்சியில் வைப்பது பிள்ளைகளுக்குப் பெருமை, வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விண்ணப்பத் திகதி கையில் வந்த பிறகு வையுங்கள், முன்பே வெளியிட்டால் கண்டுபிடிப்பு புதிது அல்ல என்றாகிவிடும். நாமே வெளியிட்டதற்கு இலங்கைச் சட்டம் ஓராண்டு சலுகை தருகிறது, அமெரிக்காவும் ஓராண்டு, ஜப்பானும் ஓராண்டு, அங்கே விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்க வேண்டும். இந்தியாவின் சலுகை சில வகை வெளியீடுகளுக்கு மட்டும்தான். ஐரோப்பாவில் நம்மைப் போன்றவருக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பீடத்தின் திறந்த நாளில் வந்தவர்களுக்கு விளங்கப்படுத்தியதும், இணையத்தில் போட்ட ஒரு நிமிட வீடியோவும், நூலகத்தில் வைத்த ஆய்வேடும் அங்கே உங்களுக்கு எதிரான ஆவணங்கள்தான்.

ஆகவே என் தெரிவு: முதல் திகதியைக் கொழும்பில் எடுங்கள். டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் சர்வதேச வகைத் தேடலறிக்கையை (இதற்கு முந்திய ஆவணங்களைத் தேடிய அறிக்கை) ஏற்கும், அல்லது உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பும்படி கேட்கலாம். அந்தக் காப்புரிமையின் காவல் இலங்கைக்குள் மட்டும்தான், எண்டோஸ்கோப் செய்பவர்களோ இங்கே இல்லை. ஆனால் அந்தத் திகதிக்குப் பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் 12 மாதம் வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. அதற்குள் பிசிடி என்ற காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாக ஒரு சர்வதேச விண்ணப்பம். நாடு நாடாகப் போகும் முடிவை முதல் திகதியிலிருந்து 30 மாதம் வரை தள்ளிவைக்கலாம், அதற்குள் சர்வதேசத் தேடலறிக்கையும் எழுத்துமூலக் கருத்தும் கைக்கு வந்துவிடும், யாரோடு மோதுகிறோம் என்று பார்த்துவிட்டுச் செலவழிக்கலாம்.

பிறகு பணம் ஒரு நாட்டுக்கு மட்டும் இருந்தால் இந்தியா. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 இந்திய ரூபா, பரிசோதனைக் கோரிக்கை 4,000, முதல் பரிசோதனை அறிக்கைக்குப் பதிலளிக்க ஆறு மாதம். அங்கே ஒரு முகவரியும் முகவரும் வேண்டும், முகவரின் கூலிதான் பெரிய செலவு. 2024 மார்ச்சுக்குப் பிந்திய விண்ணப்பங்களில் பரிசோதனையை 31 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும், முன்பு 48 இருந்தது, பழைய கட்டுரைகளைப் படித்து ஏமாறாதீர்கள். இரண்டு நாட்டுக்குப் பணம் இருந்தால் அமெரிக்காவைச் சேர்ப்பேன். வருமானம் குறைந்த நுண் விண்ணப்பதாரருக்குப் பெரும்பாலான அலுவலகக் கட்டணத்தில் 80 வீதம் தள்ளுபடி இருக்கிறது, ஆனால் சட்டத்தரணி கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. ஜப்பானும் ஐரோப்பாவும் ஏதாவது நிறுவனம் கை கொடுத்த பிறகு. ஐரோப்பிய அலுவலகத்தில் எந்த மொழியிலும், தமிழிலும்கூட, முதலில் தாக்கல் செய்துவிட்டு இரண்டு மாதத்துக்குள் மொழிபெயர்ப்புக் கொடுக்கலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அவசரத்தில் திகதியைக் காப்பாற்ற உதவும், ஆனால் மொழிபெயர்ப்பில் பிசகிய சொல்லை முதல் ஆவணத்துக்கு ஏற்பத் திருத்தாமல் விட்டால் மேலே சொன்ன கல் விதி வந்து நிற்கும்.

தேடலைக் காசு கொடுக்காமலே தொடங்கலாம். ஐரோப்பிய அலுவலகத்தின் இலவசத் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டில் வகைக்குறிகளால் தேடுங்கள்: ஏ61பி 1/00 எண்டோஸ்கோப்புக்கு, ஏ61பி 5/06 உடலுக்குள் உள்ள ஆய்வுக்கருவியின் இடத்தைக் கண்டறிவதற்கு. இரண்டையும் சேர்த்துத் தேடி, வரும் ஜப்பானிய ஆவணங்களை இயந்திர மொழிபெயர்ப்பிலாவது படியுங்கள், படங்களை மட்டும் பார்த்துக் கடந்து போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதில் பலர் கவனமில்லாமல் இருக்கிறார்கள். கருவியைக் காட்ட ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரிடம் போவதற்கு முன் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குங்கள். அவர் உங்களை நம்பவில்லை என்றோ நீங்கள் அவரை நம்பவில்லை என்றோ அதற்கு அர்த்தமில்லை, ஒப்பந்தம் இருந்தால் அவரிடம் காட்டியது வெளியீடாகக் கணக்கில் வராது. பார்த்துவிட்டு அவர், "மூச்சு இழுக்கும்போது இந்த எண் பொய் சொல்லும் தம்பி, அதைக் கழியுங்கோ" என்று சொல்லியிருந்தால், அந்தக் கழித்தல்தான் உரிமைக்கோரலைத் தாங்கி நிற்கிறதென்றால், அவரும் கண்டுபிடிப்பாளர். விண்ணப்பத்தில் அவருடைய பெயரையும் எழுதுங்கள்.