அப்பாவின் கறுப்பு காரில் சிலந்தி வலை

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பொள்ளாச்சியில் மண்டபத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தேன், பகீரென்றது. வாசலில் கட்டியிருந்த போகஸ் லைட் பானட்டில் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னினாற்போல வட்ட வட்டமாகக் கோடுகள். அன்று காலையில்தான் கோயம்புத்தூரில் வாட்டர் சர்வீஸ் விட்டு, "பாலிஷும் போட்டுடறோம் சார்" என்றதற்குத் தலையாட்டி, 1,200 ரூபாய் கொடுத்து எடுத்து வந்திருந்தோம். அப்பா ரிடையர் ஆன பணத்தில் வாங்கிய கறுப்பு ஹோண்டா சிட்டி அது. பக்கத்தில் வந்து நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கொஞ்ச நாளாவே இப்படித்தான் தெரியுது. கண் ஆபரேஷன் பண்ணதுல ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன்."

காலையில் நடந்ததை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு முன்னால் மூன்று கார் கழுவிய அதே பக்கெட், தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில். டயரைத் தேய்த்த ஸ்பாஞ்சு அப்படியே கதவுக்கு ஏறியது. நடுவில் கை தவறிச் சேற்றில் விழுந்தது, அந்தப் பையன் எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு பானட்டில் வைத்து வட்டமாகத் தேய்த்தான். "தம்பி, அலசிட்டுப் போடுப்பா" என்றேன். "ஷாம்பு இருக்குதுங்க சார், ஒண்ணும் ஆகாது." அப்போதே எழுந்து போய் நிறுத்தியிருக்க வேண்டும். அப்புறம் உச்சி வெயிலில், பானட் கொதிக்கக் கொதிக்க, உல்லன் பஃப் மாட்டிய மெஷினை வைத்து ஒரு ஓட்டு ஓட்டினார்கள். பளபளவென்றுதான் இருந்தது, விளக்கு வெளிச்சம் படும் வரைக்கும்.

நான் இருக்கும் டொரோண்டோவில் பனி உருகுவதற்காக டிசம்பர் முதல் மார்ச் வரை ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், காரைக் கழுவாமல் இருக்க முடியாது. கை, பிரஷ் எதுவும் படாமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சும் இடமாகப் பார்த்துத்தான் நான் போவேன். பிரஷ் சுற்றும் இடத்தில் விட்டால் அங்கேயும் இதே கோடுதான். ஆனால் தரையில் விழுந்த ஸ்பாஞ்சை எடுத்துத் தேய்ப்பதை அங்கே நான் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், வடவள்ளிப் பக்கம் ஒரு தகர ஷெட்டுக்குக் காரைக் கொண்டுபோனோம். போர்டுகூடச் சரியாக இல்லை, எனக்கு நம்பிக்கையும் இல்லை. அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். விலை பேசுவதற்கு முன் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்து பானட், கதவு, கூரை என்று இருபது இடத்தில் வைத்து பெயிண்ட் தடிமனை எழுதிக்கொண்டான். கலருக்கு மேலே கண்ணாடி மாதிரி பூசியிருக்கும் கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தானாம், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. கோடு விழுவதும் அதில்தான், பாலிஷ் போட்டால் குறைவதும் அதுதான். "அந்தக் கால பத்மினி காருக்கெல்லாம் கிளியர் கோட் கிடையாதுங்க ண்ணா. ரப்பிங் பாலிஷ் போட்டா துணியில கலரே வரும், வண்டி புதுசாயிடும். அதையே இன்னும் இந்த வண்டிகளுக்கும் பண்ணிட்டு இருக்காங்க."

சிறு டார்ச்சை அடித்துக் காட்டினான். கோடுகள் உண்மையில் நாலா பக்கமும்தான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்ந்தது. ஆல்கஹால் கலந்த தண்ணீரை ஒரு இடத்தில் தெளித்துத் துடைத்தான், அங்கே கோடு இரண்டு மடங்காகத் தெரிந்தது. முந்தைய பாலிஷின் எண்ணெய்ப் பசை கோடுகளை மூடி வைத்திருந்ததாம்.

"அப்போ தினமும் நான் துடைச்சது?" என்று அப்பா கேட்டார். வாங்கிய நாள் முதல் காலையில் எழுந்ததும் திருப்பூர் பனியன் துணியால் காரைத் தூசி தட்டித் துடைப்பது அவர் வழக்கம். பையன் கொஞ்சம் தயங்கினான். "பாதி அதுலயும் வந்ததுங்கய்யா. தூசியும் மணல்தானுங்க. தண்ணி ஊத்தாம துடைச்சா உப்புத்தாள் மாதிரி." அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, அவ்வளவு ஆசையாகத் துடைத்த மனுஷன்.

பானட்டின் நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் முதலில் செய்து காட்டினான். கழுவி, கிளே என்ற களிமண் மாதிரிக் கட்டியைத் தேய்த்து ஒட்டியிருந்த துகள்களை எடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் ஃபோம் பேடு மாட்டி நிழலில் மெதுவாக ஓட்டினான். டேப்புக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கறுப்பு. இரண்டு நாள் வேலை, 6,500 ரூபாய். டொரோண்டோவில் என் காருக்கு 700 டாலர் கேட்டார்கள், தடிமனை யாரும் அளக்கவில்லை. பெயிண்டுக்கு மேல் பாதுகாப்புக்குப் பூசும் செராமிக் கோட்டிங் போடலாமா என்றேன். அழுக்கு சுலபமாகப் போகும், தண்ணீர் நிற்காது, ஆனால் கழுவுகிற கை மாறாவிட்டால் கோடு திரும்ப வரும், முதலில் பக்கெட்டை மாற்றுங்கள் என்றான். வாசலில் வந்த 20,000 ரூபாய் வியாபாரத்தை அப்படி விடுகிறவனை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், அடியில் மண் தங்குவதற்கு வலை. முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழே நேர்கோட்டில். ஒவ்வொரு தடவையும் கையுறையை அலசித்தான் ஷாம்பில் முக்க வேண்டும். டயருக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணி அன்றைக்கு அவ்வளவுதான். ஆர்ஓ வேஸ்ட் தண்ணீரில் கழுவுவதையும் நிறுத்தியாயிற்று, அதில் உப்பு இன்னும் அதிகம், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசியாக அரை பக்கெட் சிறுவாணித் தண்ணீர் ஊற்றுகிறார் அப்பா. குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதா என்று அம்மாவுக்குக் கோபம், அதில் நியாயமும் இருக்கிறது. மழை பெய்யும்போது ஒரு டிரம்மில் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிரைவர் பக்கக் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு ஆழமான கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் பெயிண்ட் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, இதற்குமேல் தேய்த்தால் கிளியர் கோட் போய்விடும், விட்டுவிடலாங்கய்யா என்றான் அந்தப் பையன். போன வாரம் வீடியோ கால் போட்டு, போர்டிகோ விளக்கைப் போட்டு, அப்பா கார் முழுக்க எனக்குச் சுற்றிக் காட்டினார். அந்த ஒன்றுதான் தெரிந்தது.