ஹெடரில் ராப் மூன்றரை ஆண்டு, ஷீல்டு நான்கு ஆண்டு: ஒரே காரில் இரண்டையும் போட்டுப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தினமும் வேலைக்கு ஓட்டும் கார் என்றால் எக்ஸாஸ்ட் ஹெடரில் (இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) ராப் (சூட்டை அடைக்கும் நாடா) சுற்றாதீர்கள், ஹீட் ஷீல்டு (சூட்டை மறைக்கும் தகடு) போடுங்கள். இரண்டையும் ஒரே காரில் ஒரே ஹெடரில் போட்டு, இரண்டுக்கும் காசு கொடுத்து, மழையிலும் நெரிசலிலும் ஓட்டிய பிறகுதான் சொல்கிறேன்.

கார் 1999-இல் பதிவான ஹோண்டா சிவிக், பி16 இன்ஜின். இரண்டு முறை சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துவிட்டேன். யீஷூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போய் வருவேன், மாதத்தில் ஒரு தடவையாவது ஜோகூர் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போவேன். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், அதாவது ரேடியேட்டருக்கு நேர் பின்னால். பழைய இரும்பு மேனிஃபோல்டை (கம்பெனி கொடுத்த, ஹெடரின் வேலையைச் செய்யும் குழாய்) எடுத்துவிட்டு 2017-இல் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெடர், நாலு குழாய் இரண்டாகி அப்புறம் ஒன்றாகும் வகை, மாட்டினேன். (ஹெடர் மாற்ற நினைப்பவர்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், பத்து ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு.) கம்பெனி மேனிஃபோல்டோடு வந்த வெப்பத் தடுப்புத் தகடு இதற்குப் பொருந்தவில்லை, அதனால் ஹெடர் மொட்டையாகவே நின்றது. ஆறே மாதத்தில் ரேடியேட்டர் விசிறியின் பிளாஸ்டிக் கூடு ஓரத்தில் வளைந்துபோனது. நெரிசலில் நின்றுவிட்டு வந்தால் பானெட்டில் கை வைக்க முடியாது.

2018 தொடக்கத்தில் ராப் சுற்றினேன். 50 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி இழை நாடா, 15 மீட்டர் சுருள். தண்ணீரில் ஊறவைத்து, கால் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துச் சுற்றி, ஸ்டெயின்லெஸ் கட்டுப்பட்டையால் இறுக்கினோம். நீங்களே செய்வதானால் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். நான் கையுறை மட்டும் போட்டேன், முழங்கைக்கு மேல் இரண்டு நாள் அரித்தது. முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் புகை வரும், நாடாவில் இருக்கும் பசை எரிவதால் வருவது அது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

ராப் வேலை செய்தது என்பதை மறைக்க மாட்டேன். நன்றாகவே செய்தது. ஹெடருக்கு மேலே பானெட்டின் அடியில் ஒரு வெப்ப உணரியும் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய் வாயில் ஒன்றும் வைத்திருந்தேன். வெளியே 32 டிகிரி, 20 நிமிட நெரிசல் என்ற கணக்கில் ஹெடர் மொட்டையாக இருந்தபோது பானெட் அடியில் 86 டிகிரி வரை போனது, ராப் சுற்றிய பிறகு 64. காற்றுக் குழாய் வாயில் 57-இலிருந்து 48-க்கு இறங்கியது. விரைவுச்சாலையில் 80-இல் ஓடும்போது பெரிய வித்தியாசம் இல்லை, காற்றே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சக்தி கூடியதாக எனக்கு ஒருபோதும் தெரியவில்லை.

ஏன் இவ்வளவு இறங்குகிறது என்றால், சிவந்து காயும் குழாய் வெப்பத்தைப் பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வீசுகிறது, அது கெல்வின் அளவில் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும். 500 டிகிரியில் இருக்கும் பரப்பு 250-க்கு இறங்கினால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது, கதிர்வீச்சு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ராப்பின் வெளிப்பரப்பு அப்படித்தான் குளிர்ந்து நிற்கிறது. ஆனால் அந்தச் சூடு எங்கே போனது? குழாயிலேயே இருக்கிறது. வேட்டித் துணியைச் சுற்றி மூடிவைத்த சோற்றுப் பானை மாதிரி, வெளியே தொடலாம், உள்ளே கொதிக்கும். உலோகம் முன்னைவிட அதிகச் சூட்டில், அதிக நேரம் கிடக்கிறது. 304 ஸ்டெயின்லெஸ் சுமார் 425 முதல் 850 டிகிரிக்குள் நீண்ட நேரம் இருந்தால், முக்கியமாக வெல்டிங் ஓரங்களில், அதன் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து துருவைத் தடுக்கும் குணம் குறையும். அதன்மேல் ஈரத் துணியையும் சுற்றி வைத்தால் என்ன ஆகும்?

சாங்கியில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. என் காரில் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் தட்டு எப்போதோ போய்விட்டதால் சாலைத் தண்ணீர் நேரே ஹெடரில் அடிக்கும். நனைந்த ராப், வண்டி ஓடினால் காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் மழையில் வீட்டுக்கு வந்து கார்பேட்டையில் நிறுத்துகிறோம், மறுநாள் எடுக்கவில்லை என்றால் ஈரம் அப்படியே பிடித்துக்கொண்டு கிடக்கும். 2020-இல் வீட்டிலிருந்தே வேலை என்று கார் வாரக்கணக்கில் நின்ற காலம் இருக்கிறதே, என் ஹெடருக்குப் பாதிச் சேதம் அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் ராப்பைக் கழற்றியது துருவுக்காக இல்லை. 2021 நடுவில் தீவு விரைவுச்சாலையில் போகும்போது எண்ணெய் தீயும் வாசனை, அதிலிருந்து இறங்கிச் சிக்னலில் நின்றதும் பானெட் இடுக்கில் புகை. ஓரம் கட்டித் திறந்தால், வால்வு கவர் கேஸ்கெட் (இன்ஜின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர்) வயதாகி இறுகி, எண்ணெய் சொட்டுச் சொட்டாக முன்பக்கம் இறங்கி ராப்பில் ஊறியிருக்கிறது. மொட்டைக் குழாயில் ஒரு சொட்டு விழுந்தால் அங்கேயே புகைந்து முடிந்துவிடும், அன்றைக்கே மூக்கு சொல்லிவிடும். ராப் அதை வாரக்கணக்கில் விளக்குத் திரி மாதிரி குடித்து வைத்துக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் மகள் இருந்தாள். அன்று எனக்கு நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் ராப்பை வெட்டி எடுத்தார். உள்ளே பழுப்பாகப் பொறுக்குப் பொறுக்காக இருந்தது, இரண்டு குழாய்கள் சேரும் வெல்டிங்கில் மூன்று சென்டிமீட்டர் விரிசல். "தம்பி, சுத்திட்டா உள்ள நடக்குறது கண்ணுக்கே தெரியாது, அதான் பிரச்சினை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. விரிசலை அரைத்து மறுபடி வெல்டிங் செய்து அதே ஹெடரை மாட்டினோம்.

ஷீல்டுக்குப் புள்ளிப் புள்ளியாக மேடு அடித்த அலுமினியத் தகடு, இரண்டு அடுக்கு. அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சாருக்கு ஓட்டை விட்டு, ஹெடரிலிருந்து 12 முதல் 15 மில்லிமீட்டர் தள்ளி மாட்டினோம். அந்த இடைவெளிதான் எல்லாம். அடுப்புக்கும் முகத்துக்கும் நடுவே முறத்தைப் பிடிப்பது போல, பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், நடுவில் ஓடும் காற்று மிச்சத்தைக் கொண்டுபோகும். குழாயில் தகடு தொட்டால் கதை முடிந்தது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், அதற்கு முன்பே மெத்தென்று ஆகிவிடும்.

அதே நெரிசல் கணக்கில் பானெட் அடியில் 69 டிகிரி, காற்றுக் குழாய் வாயில் 50. ராப்பைவிடக் கொஞ்சம் மோசம்தான், ஆனால் அந்த ஐந்து டிகிரிக்காக ஹெடரைப் பலி கொடுக்க நான் தயாரில்லை. அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளப்பான தகட்டின்மேல் நேராகக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். நான் முதல் நாள் 58 என்று பார்த்து மகிழ்ந்துபோனேன். அப்புறம் 50 காசு அளவுக்கு ஓரிடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து அதில் காட்டியபோது 110 வந்தது.

ஷீல்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. எட்டாவது மாதம் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது தகரச் சத்தம், போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல். தகடு சூட்டில் விரியும், அதற்கு இடம் விடாமல் இறுக்கியதால் வந்தது. ஓட்டைகளை நீளவாக்கில் அகலமாக்கி, பெரிய வாஷர் கொடுத்து, போல்ட் மரையில் செம்புக் கிரீஸ் தடவி மாட்டிய பிறகு அந்தச் சத்தம் திரும்பவில்லை. ராப் எல்லாம் சேர்த்து 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது, ஷீல்டு 260. விரிசல் அடைத்த கூலியை ராப் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

வார இறுதியில் மட்டும் மலேசியாவின் செப்பாங் பந்தய டிராக்குக்குப் போகிற, ஒவ்வொரு முறையும் ஹெடரைக் கழற்றிப் பார்க்கிற காருக்கு ராப் சரிதான், அங்கே அந்த ஐந்து டிகிரிக்கு மதிப்பு உண்டு. ஏற்கெனவே சுற்றி வைத்திருப்பவர்கள் வால்வு கவர் ஓரத்தை மாதம் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள், ராப்பையும் தூக்கிப் போடுங்கள், கழுவிக் காயவைத்து மறுபடி சுற்றும் வேலை வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷீல்டைக் கழற்றினேன். ஐந்து போல்ட், இருபது நிமிடம். குழாய் நீலமும் பொன்னிறமுமாக இருக்கிறது, பழைய வெல்டிங்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன், புது விரிசல் இல்லை. ஒரு போல்ட்டில் மரை தேய்ந்திருந்தது, அதை மாற்றிவிட்டுத் திரும்ப மாட்டினேன்.