கார்பன் பிரஷ் எங்கே கிடைக்கும்? அதைக் கேட்டுவிட்டு மெஷின் வாங்குங்கள்

கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எலக்ட்ரிக்கல், பிளம்பிங் பராமரிப்பு பார்க்கிறேன். 11 வருஷம் ஆகிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் "எந்தக் கம்பெனி டிரில் வாங்கலாங்ண்ணா?" என்று கேட்டால் வாட்ஸ் கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன். "அதுக்குக் கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் நம்மூர்ல எந்தக் கடையில இருக்குது, போய் விசாரி" என்பேன். ஆர்மேச்சர் என்பது மோட்டாரில் சுழலும் பகுதி; கார்பன் பிரஷ் அதற்குக் கரண்டைக் கொண்டுபோகும், தேயத் தேய மாற்ற வேண்டிய கரித்துண்டு.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஆரம்பத்தில் விலை குறைவு என்று ஒரு சிஎம்4 கட்டர் (4 இன்ச் மார்பிள் கட்டர்) வாங்கினேன், பெயர் வேண்டாம். கன்சீல்டு வயரிங்குக்குச் சுவர் வெட்டி வெட்டி, எட்டாவது மாதம் புகை வந்து நின்றது. ரீவைண்டிங் கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். "ஆர்மேச்சர் போச்சுங்க. இந்த மாடலுக்கு எங்க தேடுனாலும் கெடைக்காதுங்க. பாடி புதுசாட்டமே இருக்குது, ஊட்ல கொழந்தைக்கு வெளையாடக் குடுங்க."

பழி முழுக்க மெஷின் மேல் இல்லை. மோட்டாரைக் குளிர வைக்க உள்ளே இழுக்கும் காற்றோடு சிமென்ட் தூசியும் போய்ச் சுருளின் வார்னிஷை அரிக்கும். இப்போதெல்லாம் சாயங்காலம் புளோயர் அடிக்காமல் எதையும் பைக்குள் வைப்பதில்லை.

7 வருஷமாக உழைப்பது போஷ் ஜிபிஎச் 2-26 ரோட்டரி ஹேமர், அதாவது அடித்துக்கொண்டே துளை போடும் டிரில். 800 வாட்ஸ், அடி 2.7 ஜூல். செங்கல் சுவருக்குச் சாதாரண இம்பேக்ட் டிரில்லே போதும். ஆனால் அதில் இரண்டு பல் தட்டுகள் உரசித்தான் அடி கிடைக்கிறது; நாம் அழுத்தினால்தான் உண்டு. கான்கிரீட் சீலிங்கில் ஏணி மேல் நின்று தலைக்கு மேல் எவ்வளவு அழுத்த முடியும்? ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் தள்ளும் காற்றே அடியைக் கொடுத்துவிடுகிறது, நாம் பிடித்துக்கொண்டால் போதும். தோள்பட்டை வலி பாதி குறைந்தது அப்போதுதான். இதுவரை இரண்டு தடவை பிரஷ், ஒரு தடவை கிரீஸ் மாற்றினேன். இரண்டுமே பக்கத்துத் தெருவில் கிடைத்தன. டூப்ளிகேட் பிரஷ் பாதி விலைக்குக் கிடைக்கும். தீப்பொறி பறந்து, ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும், தொடாதீர்கள்.

எங்களோடு வரும் ஆசாரி ஹிட்டாச்சி தவிர வேறெதையும் தொட மாட்டார். 2018-லேயே அது ஹைகோகி ஆகிவிட்டது என்று சொன்னால், "பேரை மாத்துனா மெஷின் மாறிருமா?" என்று கேட்பார்.

பேட்டரிக்கு வந்தது 3 வருஷம் முன்பு, மகிட்டா 18 வோல்ட். பிளக் பாயின்ட் இல்லாத மொட்டை மாடி, லிஃப்ட் ரூம் வேலைக்கு அருமை. எக்ஸ்டென்ஷன் வயர் சுருட்டும் வேலை போயிற்று. ஒன்று மட்டும் கவனம்: பேட்டரி எந்தக் கம்பெனியோ, அடுத்தடுத்த மெஷினும் அதிலேயே வாங்க வேண்டி வரும். இரும்பு வெட்டும் ஏஜி4 கிரைண்டருக்கு (4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர்) நான் இன்னும் வயரை விடவில்லை. இரும்பு கிரில் நாலு வெட்டுவதற்குள் பேட்டரி சார்ஜருக்குப் போய்விடுகிறது.