நோவாவின் ரேடார் புயல்காற்று வரைபடங்கள்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) இலவசமாக வெளியிடும் வெப்பமண்டலப் புயல்களின் கடற்பரப்புக் காற்று வரைபடங்களை, புயல்களைத் தொடர்ந்து கவனிக்கும் எவரும் பார்த்தாக வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-1, கனடாவின் ரேடார்சாட் ஆகிய செயற்கைக்கோள்கள் சுமார் 5.5 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலைகளை அனுப்ப, காற்றால் சொரசொரப்பான கடற்பரப்பிலிருந்து திரும்பும் எதிரொலியின் வலிமையைக் கொண்டு காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. அனுப்பிய அதே முனைவாக்கத்தில் (அலை அதிரும் திசையில்) பெறும் எதிரொலி கடுங்காற்றில் அதற்குமேல் அதிகம் உயராமல் நின்றுவிடும்போதும், குறுக்கு முனைவாக்கத்தில் (அதற்குச் செங்குத்தான திசையில்) பெறுவது தொடர்ந்து உயர்வதுதான் இச்சேவையின் உயிர்நாடி. ஸ்கேட்டரோமீட்டர் என்னும், நுணுக்கம் குறைந்த காற்றளவி ரேடாரின் படங்களில் மங்கிக் கரைந்துவிடும் புயற்கண் சுவர் (புயலின் அமைதியான மையத்தைச் சூழ்ந்த கடுங்காற்றுப் பகுதி), இங்கே சுமார் 3 கி.மீ. நுணுக்கத்தில் மெல்லிய வளையமாகத் துலங்குகிறது. அதன் எந்தப் பக்கம் வலுத்திருக்கிறது என்பதும், உள்ளே காற்று எவ்வளவு தணிந்திருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரிகின்றன. கனமழை எதிரொலியைக் குழப்பக்கூடும் என்பதால், உச்ச மதிப்பை மட்டும் பிடித்துக்கொள்வது சரியல்ல.

பெரிய குறை, படங்களுக்கு இடையே விழும் இடைவெளிதான். சென்டினல்-1 விடியலையும் அந்தியையும் ஒட்டியே கடக்கிறது. ஒருமுறை கடக்கையில் அது படமெடுக்கும் தடமும் சில நூறு கி.மீ. அகலமே. 2021 டிசம்பரில் இத்தொடரின் இரு செயற்கைக்கோள்களில் ஒன்றான சென்டினல்-1பி பழுதானபின் இக்குறை பெரிதாயிற்று. 2024 டிசம்பரில்தான் அடுத்த செயற்கைக்கோளான 1சி ஏவப்பட்டது. ஆய்வு விமானங்கள் வழக்கமாகப் புயலுக்குள் பறக்காத வங்கக் கடலுக்கு இதைப் போன்ற அளவீடு அரிது என்பதால், குறைகளோடும் முழுமனதாகப் பரிந்துரைக்கிறேன்.