ஸ்பைக் ஷூ: மண் மைதானப் பள்ளிக்கு எது தாங்கும், எது வீண்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மண் மைதானத்தில் பயிற்சி எடுத்து, பெரிய போட்டிக்கு மட்டும் மாவட்டத் தலைநகரின் சிந்தெடிக் (செயற்கை ரப்பர்) தளத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளைக்கு, ஆணியைக் கழற்றி மாட்டக்கூடிய மிடில் டிஸ்டன்ஸ் (நடுத்தூர ஓட்ட) ஸ்பைக் ஷூதான் சரியான முதல் ஷூ. 100 மீட்டர் ஓடுபவருக்கும் நீளம் தாண்டுபவருக்கும்கூட இதே பரிந்துரைதான். பளபளக்கும் ஸ்பிரிண்ட் ஷூவை மேடையில் கொடுக்க ஆசைப்படும் ஊர்ப் பெரியவர்களுக்கு இது ருசிக்காது. அந்த ஷூ ஒரு பருவம் முடிவதற்குள் என்ன ஆகிறது என்று உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் சொல்வார்.

சிறுநகர விளையாட்டுக் கடையில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். முதலாவது, ஆணி அடித்தகட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. விலை மலிவு. ஆணி தேய்ந்தால் ஷூவே முடிந்தது; சிந்தெடிக் தளத்துக்கு ஏற்ற நீளத்துக்கு மாற்றவும் முடியாது. இதைத் தொடவே வேண்டாம். இதோடு சேர்த்து ஒதுக்க வேண்டியது கிரிக்கெட் ஸ்பைக். "ஸ்பைக்ஸ் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் சில கடைகளில் இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அடையாளம் சுலபம்: குதிகாலிலும் ஆணி இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். தடகள ஷூவில் ஆணி முன்பாதத்தில் மட்டும்தான். உயரம் தாண்டுதல், ஈட்டி எறிதல் ஷூக்கள் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது ஸ்பிரிண்ட் ஷூ. முன்பாதத்தின் அடியில் விறைப்பான பிளாஸ்டிக் தகடு, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும், குதிகாலில் மெத்தை இருக்கிறதா என்று தேட வேண்டும். சிந்தெடிக் தளத்தில், நுனிக்காலில் ஓடப் பழகிய பிள்ளைக்கு இது நல்ல கருவி. சரளைக் கல் கிடக்கும் பள்ளி மைதானத்தில் அந்தத் தகடு விரல்கள் மடங்கும் இடத்தில் விரிசல் விடுகிறது. விறைப்பால் வரும் லாபத்தை எடுக்க, காலை ஊன்றி உந்திப் புறப்படும் ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து ஒழுங்காகப் புறப்படத் தெரிந்திருக்க வேண்டும். பிளாக்கே இல்லாத பள்ளிகள் ஏராளம்.

மூன்றாவது மிடில் டிஸ்டன்ஸ். தகடு கொஞ்சம் வளையும், குதிகாலில் மெல்லிய மெத்தை உண்டு. 800, 1500 ஓடுபவருக்கென்று செய்தது. ஆனால் ஒரே பிள்ளை காலையில் 200, மதியம் நீளம் தாண்டுதல், மாலையில் 4x400 தொடர் ஓட்டம் என்று மூன்றுக்கும் பெயர் கொடுத்திருக்கும் குறுவட்டப் போட்டியில், இதுதான் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். நிவியா போன்ற ஜலந்தர் தயாரிப்புகளும் வேறு சில உள்நாட்டுப் பிராண்டுகளும் ரூ.2,000 சுற்றுவட்டாரத்தில் கிடைக்கின்றன. நைக்கி, அடிடாஸ், அசிக்ஸ் என்று போனால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மாநிலப் போட்டிக்குத் தேர்வாகி, வாரம் மூன்று நாளாவது சிந்தெடிக்கில் ஓடும் பிள்ளைக்கு அந்தச் செலவு தகும். செம்மண்ணில் தேய்ப்பதற்கு அது வேண்டாம்.

இனி ஆணி. ஷூவைவிட இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

உலகத் தடகள விதிப்படி ஒரு ஷூவுக்கு அதிகபட்சம் 11 ஆணிகள். சிந்தெடிக் தளத்தில் ஆணியின் நீளம் 9 மி.மீ. தாண்டக்கூடாது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை அனுமதி. சிந்தெடிக் அல்லாத தளத்தில் 25 மி.மீ. வரை போகலாம். இது விதி. நடைமுறையில், தளம் கிழிந்துவிடும் என்று 6 மி.மீ. பிரமிட் (கூம்பு வடிவ) ஆணியைத் தவிர வேறெதையும் உள்ளே விடாத அரங்குகள் உண்டு. மண் தரைக்கு மாட்டிய 12 மி.மீ. ஆணியோடு போய் நின்றால், போட்டிக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அழைப்பு அறையிலேயே கழற்றச் சொல்வார்கள். கையில் சாவியும் மாற்று ஆணியும் இல்லாத பிள்ளை அன்றைக்கு இரவல் ஷூவில் ஓட வேண்டியதுதான். ஆகவே ஷூ வாங்கும்போதே 6 மி.மீ. ஒரு செட், 12 மி.மீ. ஒரு செட், திருகும் சாவி இரண்டு. சாவி ஒன்று கட்டாயம் தொலையும்.

மண்ணிலும் எல்லா நாளும் 12 தேவையில்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் காய்ந்து இறுகிக் கிடக்கும் நாளில் நீள ஆணி முழுதாக இறங்காது. அதன் அடி தகட்டை மேலே தள்ளி உள்ளங்காலில் முட்டும். பிள்ளை "குத்துது சார்" என்று சொல்வது இதைத்தான். அப்போது 6 அல்லது 9 போதும். தண்ணீர் தெளித்த தரை, லேசான மழை பெய்து அடங்கிய தரை என்றால் 12. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைக் கரிசலில் மழைக்குப் பிறகு எந்த ஆணியும் உதவாது. மண் ஆணிகளுக்கு இடையில் அப்பிக்கொண்டு மூன்றாவது சுற்றில் ஷூ கல்லாகிவிடும். அன்றைக்கு மைதானத்தை விட்டுவிட்டுத் தார்ச்சாலை ஓரத்தில் சாதாரண ஷூவோடு ஓடவிடுவதே நல்லது.

மாட்டும் முறைக்கு ஒழுங்கு உண்டு. துளையில் ஒட்டிய மண்ணை ஊசியாலோ சைக்கிள் ஸ்போக் துண்டாலோ சுரண்டி எடுங்கள். ஆணியின் மரையில் துளி வாசலின் தடவுங்கள். துரு பிடித்து இறுகாமல் இருக்க அது போதும். முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையால் மட்டும் திருகுங்கள். நேராக இறங்கினால் சாவி போட்டு, அடிப்பகுதி தகட்டில் உட்காரும் வரை இறுக்குங்கள். கோணலாக ஏறியதைச் சாவி போட்டு முறுக்கினால் மரை வழுக்கிவிடும். அந்தத் துளை அதோடு செத்தது. மண் தரையில் எந்தத் துளையையும் காலியாக விடாதீர்கள். மண் உள்ளே புகுந்து கெட்டித்தால் பிறகு ஆணி பிடிக்காது. தேய்ந்த பழைய ஆணியையாவது போட்டு அடைத்து வையுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள இரண்டும் முதலில் தேயும், அவற்றைப் பின்வரிசையோடு இடம் மாற்றினால் ஒரு செட் கூடுதல் நாள் வரும். துருவேறிச் சிக்கிய ஆணிக்கு இரவு முழுக்க மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, காலையில் கட்டிங் பிளேயரால் திருப்பலாம். நெருப்பு காட்டினால் தகடு உருகும்.

அளவு விஷயத்தில் பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தை நியாயமாக இல்லை. கடைகளில் இருப்பு பெரும்பாலும் 6-ஆம் எண்ணில் தொடங்கி மேலே போகிறது. 14 வயதுப் பிரிவில் ஓடும் சிறுமிக்கு 3, 4, 5 தேவைப்படும். இல்லாததால் 6-ஐ வாங்கி நுனியில் பஞ்சைத் திணிக்கிறார்கள். ஆணி விழ வேண்டிய இடம் விரலுக்கு முன்னால் போய்விடுகிறது, வளைவில் கால் உள்ளே சறுக்குகிறது, கணுக்கால் புரள்கிறது. இதைவிடச் சாதாரண கேன்வாஸ் ஷூ மேல். குறுவட்டப் போட்டிகள் பள்ளி திறந்து ஓரிரு மாதத்திலேயே தொடங்கிவிடும். ஜூன் மாதமே கடைக்காரரிடம் எண் சொல்லி, முன்பணம் கொடுத்து வரவழைக்க வேண்டும். கடைசி வாரம் போனால் மிஞ்சியதைத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

போட்டுப் பார்ப்பது மாலையில் இருக்கட்டும். கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் அரை விரல் இடைவெளி போதும். வளர்கிற கால் என்று ஒரு எண் கூட்டி வாங்கும் பழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி, ஸ்பைக்குக்கு ஆகாது. இணையத்தில் வாங்கினால் அமெரிக்க எண்ணா பிரிட்டன் எண்ணா என்று பாருங்கள். ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் அரை முதல் ஒன்று வரை கூடுதலாக இருக்கும். வெறுங்காலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விரல் பகுதி அகன்றிருக்கும். ஒடுங்கிய ஸ்பிரிண்ட் ஷூ சுண்டுவிரல் பக்கம் முதலில் கிழிவது அதனால்தான்.

வெறுங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதிப்படி வெறுங்காலில் ஓடுவது குற்றமல்ல. ஒரு காலில் மட்டும் ஷூ போட்டு ஓடினாலும் அனுமதி உண்டு. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலில் ஓடியவர்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணியில் ஓடிய நால்வரில் அவரும் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் தமிழ்நாட்டுக்காரர்கள். பழகாத ஸ்பைக்கைப் போட்டி நாளன்று முதல்முறை மாட்டிவிடுவதைக் காட்டிலும் வெறுங்காலே பாதுகாப்பு. ஸ்பைக்கில் குதிகால் தாழ்ந்திருப்பதால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், பயிற்சியின் முடிவில் 60 மீட்டர் நான்கைந்து முறை முக்கால் வேகத்தில் ஓடவிட்டால் போதும். வார்ம் அப், கூல் டவுன் எல்லாம் சாதாரண ஷூவில். தினமும் ஸ்பைக்கிலேயே ஓடும் பிள்ளைக்கு முன்னங்கால் எலும்பில் வலி வந்தால் வியப்பில்லை. குண்டு எறியும் சிமெண்ட் வட்டத்துக்குள் ஸ்பைக்கோடு போகவே கூடாது, வழுக்கும்.

உள்நாட்டு ஷூக்களின் பெரிய பலவீனம் பசை. தகடும் மேல்துணியும் பிரிவது நுனியிலோ நடுவளைவிலோ தொடங்கும். பைக் டேங்க் கவரில் வெயிலில் கிடந்தது, சோப்புத் தண்ணீரில் ஊறியது, மொட்டைமாடியில் காய்ந்தது என்று காரணம் எப்போதும் வெப்பமும் ஈரமும்தான். பச்சைத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். பிரிந்துவிட்டால், இரு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, ஃபெவிபாண்ட் வகைப் பசையை இரண்டு பக்கமும் தடவி, ஒட்டாத பதம் வரும்வரை காய விட்டு அழுத்தி, ஒரு நாள் கயிற்றால் கட்டி வையுங்கள். பேருந்து நிலையத்தில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் நுனியிலும் குதிகாலிலும் தைத்துத் தருவார். தகடு உள்ள இடத்தில் தையல் போடச் சொல்லாதீர்கள். ஊசித் துளை வழியாகவே தகடு பிளக்கும். மைதானத்திலிருந்து வகுப்பறை வரை சிமெண்ட் பாதையில் ஸ்பைக்கோடு நடப்பது ஆணியை மழுக்கும். இதற்குக் கண்டிப்பு ஒன்றே வழி.

ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுக்கும் விஷயத்துக்கு வருவோம். அரிசி ஆலைக்காரர், நகைக்கடைக்காரர், முன்னாள் மாணவர் சங்கம், லயன்ஸ் கிளப் என்று யாரோ ஒருவர் ஆண்டு விழாவில் ஒரே எண்ணில் பத்து ஜோடி கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார். அதில் நான்கு ஜோடி யார் காலுக்கும் சேராமல் பீரோவில் உறங்கும். பத்துக்குப் பதில் ஆறு ஜோடி, 4 முதல் 9 வரை எண்ணுக்கு ஒன்று, மீதிப் பணத்துக்கு ஆணி டப்பா, சாவி, ஒரு ஜோடி ஸ்டார்ட்டிங் பிளாக் என்று கேட்டால் கொடுப்பவருக்குச் செலவு ஏறாது, புகைப்படமும் கெடாது. அந்த ஆறு ஜோடியையும் பள்ளியின் பெயரில் பதிவேட்டில் ஏற்றி, பருவம் முடிந்ததும் திருப்பி வாங்கி, அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். 100 மீட்டர் ஹீட்ஸும் நீளம் தாண்டுதலும் ஒரே நேரத்தில் கூப்பிடப்பட்டால் ஒருவர் வெறுங்காலில் நிற்பார். போதாததற்குச் சேற்றுப்புண் தொற்றும். கைமாறும்போது பாதத்துக்கு அடியில் போடும் உள்மெத்தையை மாற்றி, கால் பவுடர் தூவிக் கொடுங்கள்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநகர விளையாட்டுக் கடையின் உண்மையான வியாபாரம் கோப்பை, கேடயம், பனியன் அச்சு. ஷூ பின்னறையில் இருக்கும், சில பெட்டிகள் வருடக்கணக்கில். பழைய இருப்பில் பசை காய்ந்திருக்கும். வாங்குமுன் நுனியைப் பிடித்து மெதுவாக வளைத்து, ஓரத்தில் நகம் நுழைகிறதா என்று பாருங்கள். எல்லா ஆணியையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வழுக்கும் மரையைக் கண்டுபிடிக்க அந்த இடம்தான் சரி. மாற்று ஆணி அதே மரையில் கிடைக்குமா என்று கேட்டு, ஒன்றைத் திருகிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பில்லில் எண்ணும் மாடலும் எழுதி வாங்கினால், அளவு சேராதபோது மாற்றித் தருவதில் தகராறு வராது. மண்ணில் ஒருமுறை ஓடிய ஷூவை மட்டும் யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். முதல் சோதனை ஓட்டத்தைக் கடையின் தரைவிரிப்பிலேயே, ஆணியில்லாமல், நாலு எட்டு வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.