இணைப்பு அறுந்தும் பதிவு அறாத கதை: கமைலியோவுடன் இரண்டரை வருடம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிற்சாலை ஆபிஸையும் மூன்று டிவிசன்களையும் போனில் இணைக்க ஒரு கமைலியோ சேர்வர் (இணையவழிக் கோல்களைச் சேர்த்துவிடும் மென்பொருள்) ஓட்டுகிறேன். டிவிசன்களில் ஃபோர்ஜி ரவுட்டர். போன்கள் டிசிபியில், அதாவது திறந்தபடியே நிற்கும் ஓர் இணைப்பு வழியாக, எங்கே இருக்கிறோம் என்று சேர்வரில் பதிவாகின்றன. ஹவாய் மொழியில் கமைலியோ என்றால் பேசுவது என்று அர்த்தமாம். பெயருக்கேற்ப நன்றாகத்தான் பேசியது, முதல் மழைக்காலம் வரும் வரைக்கும்.

"தம்பி, மடுவத்திலருந்து எடுத்தா இங்க வருது. இங்கருந்து எடுத்தா சத்தமே இல்ல" என்றார் ஆபிஸிலிருந்த கிளாக்கர் ஐயா. மடுவம் என்பது டிவிசனில் கொழுந்து நிறுக்கும் இடம். கொழுந்து நிறுத்து முடித்து லொறிக்குக் காத்திருக்கும் நேரம். ஏறிப்போய்ப் பார்த்தேன். இடிக்கு ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரிந்திருக்கிறது. பெட்டரியில் நின்ற போனுக்கு அது தெரியவே இல்லை. திரையில் நம்பர், நேரம், பச்சைக் குறி எல்லாம் ஒழுங்கு. சேர்வரில் பதிவுகளைக் காட்டும் யூஎல் டம்ப் கட்டளை அடித்தால் அங்கேயும் பதிவு பத்திரமாக இருக்கிறது, காலாவதிக்கு இன்னும் 2700 செக்கனுக்கு மேல் மிச்சம்.

ரவுட்டர் அணையும்போது போய்வருகிறேன் என்று யாரும் ஃபின் (இணைப்பை மூடும் செய்தி) அனுப்புவதில்லை. கமைலியோ இன்வைட்டை (கோல் வருகிறது என்ற செய்தியை) அந்த இணைப்பின் பழைய சொக்கெட்டில் எழுதும், சேர்வரின் லினக்ஸ் கேர்னல் வாங்கி வைத்துக்கொள்ளும், பிழையும் வராது. பதிலுக்குக் காத்திருக்கும் எஃப்ஆர் டைமர் 30 செக்கன் எண்ணி முடித்த பிறகுதான் 408, அதாவது நேரம் முடிந்தது என்ற பதில். அதுவரை கோல் எடுத்தவர் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பதிவுகளை வைத்திருக்கும் யூஸர்லொக் மொட்யூலில் ஹேண்டில்_லொஸ்ட்_டிசிபியை 1 ஆக்கு, இணைப்பு அறுந்தால் பதிவும் போகும். சரி, ஆக்கினேன். சில நிமிடத்தில் எல்லாப் போனும் மாயம்! தேடிப்பார்த்தால் குற்றவாளி நான்தான். டிசிபி_கனெக்ஷன்_லைஃப்டைம் என்ற வரியைத் தேவையில்லை என்று எப்போதோ வெட்டியிருந்தேன். அது இல்லாவிட்டால் 120 செக்கன். சும்மா கிடக்கும் இணைப்பைக் கமைலியோ தானே மூடிவிட்டு, தானே "இணைப்பு அறுந்தது" என்று பதிவையும் அழித்திருக்கிறது. மாதிரி கொன்ஃபிக்கில் 3605 என்று இருப்பது சும்மா இல்லை. பதிவுக் காலம் 3600, அதற்கு மேல் 5.

வரியைத் திரும்பப் போட்டதும் போன்கள் வந்தன. மடுவத்துப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. இந்த வசதி அறுந்தது தெரிந்த இணைப்பின் பதிவைத்தான் துடைக்கும். அறுந்ததைக் கண்டுபிடிப்பது அதன் வேலை இல்லை. லினக்ஸை அதன் போக்கில் விட்டால் 7200 செக்கன் கழித்துத்தான் "இருக்கிறாயா" என்று கேட்கும் முதல் கீப்அலைவ் போகும். இரண்டு மணித்தியாலம், லொறி போயே போய்விடும். அதனால் கீப்ஐடிலை 30, கீப்இன்டர்வலை 10, கீப்கவுண்டை 3 என்று வைத்தேன்: 30 செக்கன் சும்மா கிடந்தால் கேள், பிறகு 10 செக்கனுக்கு ஒருமுறை, மொத்தம் 3 முறை. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அப்புறம் யூஸர்லொக் டைமரின் அடுத்த சுற்றில் பதிவு போகும். அந்தச் சுற்று 60 செக்கன்.

பதிவு போனாலும் போனுக்கு அது தெரியாதே. அதற்காக ரெஜிஸ்ட்ரார் மொட்யூலில் பதிவின் உச்ச ஆயுளான மெக்ஸ்_எக்ஸ்பயர்ஸை 300 செக்கன் ஆக்கினேன், ஐந்து நிமிடத்துக்குள் போன் தானே திரும்பப் பதிவாகிவிடும். அப்படியானால் மற்ற அமைப்பெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கரண்ட் போய்க் கிடக்கும் டிவிசனுக்குக் கோல் எடுப்பவர் 30 செக்கன் காத்திருக்காமல் உடனே "கிடைக்கவில்லை" என்று கேட்பதற்குத்தான். பழைய பதிவு ஐந்து நிமிடத்துக்குப் பதில் இரண்டே நிமிடத்தில் போய்விடும், எனக்கு அந்த மூன்று நிமிட வித்தியாசம் பெரிது.

இடையில் ஒரு நம்பருக்கு எத்தனை பதிவு என்று சொல்லும் மெக்ஸ்_கொன்டாக்ட்ஸை 1 ஆக்கியும் பார்த்தேன். வேண்டாம். எங்கள் போன்கள் திரும்ப எழும்பும்போது புதுப் போர்ட்டோடு வருகின்றன, பழைய பதிவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் 503 என்ற மறுப்பை வாங்கிக்கொண்டு போகின்றன. அதற்குப் பதில், பதிவைச் சேமிக்கும் சேவ் கட்டளைக்கு 0x04 என்ற குறியைக் கொடுத்தால் புதியது வந்ததும் பழையது தானாக வழிவிடும்.

குறை ஒன்று இன்னும் உண்டு. மேல் டிவிசனில் சிக்னல் ஒரு நிமிடம் போய்த் திரும்பினால், பிழைத்திருக்க வேண்டிய இணைப்பும் அறுபடுகிறது. நான் வைத்திருக்கும் இந்த அமைப்பில் எல்லாச் சொக்கெட்டுக்கும் ஒரே எண்தான், இணைப்புக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால் டிசிபிஓப்ஸ் மொட்யூலைப் போட வேண்டும். இப்போது கீப்கவுண்ட் 5ல் நிற்கிறது. கிளாக்கர் ஐயா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.