பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

கும்பகோணத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டுக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டும் தளம்). கூடத்தை ஒட்டிய அறையில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அம்மா படுக்கிற அறை அது. போன வருடம் தை மாதம் ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பழைய காரையைக் கொத்திட்டு சிமெண்ட் பூசி, வாட்டர் புரூஃப் அடிச்சு, பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிடலாம் சார், பத்து வருஷம் என் கேரண்டி” என்றார். 85,000 ரூபாய்க்குப் பேசி 60,000 முன்பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு கடைசியில் தருவதாகச் சொன்னார். நாலே நாளில், நாலடி உயரம் வரை சிமெண்ட் பூசி, சுவர் முழுக்கப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். பளபளவென்று இருந்ததைப் பார்த்து மீதியையும் கொடுத்துவிட்டேன். பில் இன்றுவரை வரவில்லை.

ஐப்பசி மழையில் அந்தச் சுவர் மறுபடி நனைய ஆரம்பித்தது. சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், பிய்ந்துகொண்டு பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்தது, உள்ளே பட்டி ஈரமாவு மாதிரி குழைந்து, அதன்மேல் கறுப்புப் பூஞ்சை. இரண்டடியில் நின்ற ஈரம் ஐந்தடிக்குப் போய்விட்டது. தேக்கு நிலைக்காலின் அடிப்பகுதியை நகத்தால் கிள்ளினால் வருகிறது, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு போன் செய்தால், “வீடு பழசு சார், அதுக்கு நான் என்ன செய்ய?” என்றார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு ஏறி ஏறி, எங்கள் வாசல் அரையடி தாழ்ந்து கிடக்கிறது. முற்றத்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் சுவர் ஓரமாகவே போய் அடியில் உடைந்திருந்தது. “தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம சுவத்துல கரண்டியே வைக்கக் கூடாது தம்பி” என்றார்.

அந்தக் கால வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் தடுக்கிற பட்டை பெரும்பாலும் கிடையாது. செங்கல் உறிஞ்சுகிற ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். அதைச் சிமெண்டாலும் பெயிண்டாலும் அடைத்தால் ஈரம் மேலேதான் ஏறும், உப்பும் அதோடு போய் உள்ளேயிருந்து தள்ளும்.

முதலில் குழாயை மாற்றி, வாசலோரம் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்தோம். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, தை முதல் பங்குனி வரை சுவரைச் சும்மா காயவிட்டோம். பூத்து வந்த உப்பைக் கழுவாமல் (கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்) காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டினோம். பூஞ்சையைச் சுரண்டும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டோம், அம்மாவை அந்தப் பக்கமே விடவில்லை. சித்திரையில் கொத்தனார் சுண்ணாம்பும் மணலும் 1:3 கலந்து மெல்லிசாக இரண்டு கை பூசி, வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கு தொங்கவிட்டார். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. மேலே வெறும் வெள்ளைதான் அடித்திருக்கிறோம்.

வீட்டை வெளியே சுற்றிப் பார்க்காமலே விலை சொல்கிறவரிடம் தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள். கேரண்டியை எழுதி வாங்குங்கள், ஒரு மழைக்காலம் தாண்டும்வரை கால் பங்குப் பணத்தையாவது கையில் வைத்திருங்கள்.

வைகாசி பிறந்து அம்மா அந்த அறைக்குத் திரும்பிவிட்டார். நிலைக்காலுக்கு மட்டும் இன்னும் ஆசாரி வரவேண்டும், அடியில் ஓரடி வெட்டி ஒட்டுப்போட்டால் போதுமாம்.